நகரும் சுவரும் கசியும் நீரும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மோர்வெல் நகரை ஒட்டியே ஹேசல்வுட் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. சுரங்கத்துக்கும் ஊருக்கும் நடுவே பிரின்சஸ் நெடுஞ்சாலை. 2011 பிப்ரவரியில், கனமழைக்குப் பின் சுரங்கத்தின் வடக்குச் சுவர் நகரத் தொடங்கியது. சாலையை மூடிவிட்டார்கள், திறக்கப் பல மாதங்கள் ஆயின.

பாறை என்றால் கனம்தான் அதை நிறுத்தி வைக்கும். பழுப்பு நிலக்கரியோ பாதிக்கு மேல் ஈரம், எடையில் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். விரிசலில் மழைநீர் நிறைந்தால் அது பக்கவாட்டில் தள்ளும். அடியிலுள்ள களிமண் மீது மொத்தச் சுவரும் வழுக்கும். 2007 நவம்பரில் பக்கத்து யலோர்ன் சுரங்கத்தில் இப்படிச் சுவர் சரிந்து, லத்ரோப் ஆறே குழிக்குள் பாய்ந்தது.

ஆகவே சுவருக்கு முட்டுக் கொடுப்பதைவிட, தண்ணீரை வெளியேற்றுவதே முதல் வேலை. சுவரில் கிடைமட்டமாக ஆழத் துளையிடுவார்கள். துளை உள்ளே போகப் போகச் சற்றே மேல்நோக்கி ஏறும். அதில் ஓட்டைகள் போட்ட குழாயைச் செருகினால், மோட்டார் இல்லாமலே நீர் வடியும். செலவும் குறைவு. விரிசல்களையும் கசியும் வடிகால்களையும் அடைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் துளைகளால் பெரிய பயன் இல்லை. சுவரில் பதித்த கண்ணாடிக் குறிகளைக் கருவிகள் அளந்து, நகர்வு மில்லிமீட்டர் கணக்கில் குறைகிறதா என்று காட்டும்.

2017இல் ஹேசல்வுட் சுரங்கம் மூடப்பட்டது. குழியை ஏரியாக்கும் திட்டம் வந்தது. நீர் நிறைந்தால் அதன் எடையே சுவரைத் தாங்கும். ஆனால் அதுவரை, நிலத்தடி நீரின் அழுத்தம் குழியின் தரையைத் தூக்கிவிடாதபடி பம்புகள் ஓடியாக வேண்டும்.