மேகக் கணினிக்கு அளவு பார்ப்பவர் யார்?

தொலைவிலுள்ள தரவு மையத்தின் கணினித் திறனை வாடகைக்கு எடுத்து, பயன்படுத்திய அளவுக்கு மட்டும் பணம் கட்டும் மேகக் கணிமைச் சேவையில், விற்பவரே அளப்பவராகவும் இருக்கிறார். கடைத் தராசுக்கு இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அரசு முத்திரை உண்டு. மேகக் கணினியின் அளவியோ மென்பொருளுக்குள் மறைந்து கிடக்கிறது. ஆகவே அதன் பதிவுகள் எவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்கப்படுகின்றனவோ, அவ்வளவுக்கே கட்டணப் பட்டியலை நம்ப முடியும்.

ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் 2010இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் என்னும் திறமூல மேகத் தளத்துக்கு, கட்டணக் கணக்குக்கான அளவீடுகளைத் திரட்டவென்றே 2012இல் உருவாகத் தொடங்கியது சீலோமீட்டர். ஒரே வன்பொருளைப் பங்கிட்டு இயங்கும் மெய்நிகர் கணினிகளைக் குறித்த இடைவெளியில் விசாரித்து அறிவது அதன் ஒரு வழி; கணினி உருவானபோதும் நீக்கப்பட்டபோதும் தளம் அனுப்பும் அறிவிப்புகளைப் பெற்றுப் பதிவது மற்றொரு வழி. இடைவெளி 10 நிமிடமானால், 4 நிமிடமே இயங்கிய கணினி முதல் வழியின் கண்ணில் படாமலே போகலாம். நீக்க அறிவிப்பு தொலைந்தாலோ, இல்லாத கணினிக்கு வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். இவ்விரு பிழைகளையும் சோதிப்பவர் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். அவை தாமாக நிகழும்போது இழப்பவர் வேறொருவர்.

இதைவிட நுட்பமானது திரள் அளவு, அதாவது குறையாமல் கூடிக்கொண்டே போகும் எண்ணிக்கை. வலையமைப்பில் சென்ற பைட்டுகள் இவ்வகையில் எண்ணப்படுகின்றன. கணினி மறுதொடக்கம் பெற்றால் அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பக்கூடும் என்பதால், புதிய எண்ணிலிருந்து பழையதைக் கண்மூடிக் கழிக்கும் நிரல் எதிர்மறைப் பயன்பாட்டைக் காட்டிவிடும். பதிவுகளைக் கடத்தும் செய்தி வரிசைகளோ ஒரே பதிவை இருமுறை தரவும் கூடும். ஆகையால் ஒரே பதிவுத் தொகுப்பை மீண்டும் அனுப்பி, கூட்டுத்தொகை மாறவில்லை என்று உறுதிசெய்வதும் சோதனையின் பகுதியே.

அமேசானின் ஈசி2 சேவை 2006இல் மணிக்கணக்குக் கட்டணத்தோடு தொடங்கி, 2017 அக்டோபரில் லினக்ஸ் கணினிகளுக்கு, குறைந்தது 60 வினாடி என்ற வரம்புடன், வினாடிக் கணக்குக்கு மாறியது. இத்தகைய விதிக்கு 59, 60, 61 வினாடிகளே உரைகல்: முதலிரண்டுக்கும் ஒரே தொகையும், மூன்றாவதற்கு ஒரு வினாடி கூடுதலும் வர வேண்டும். மாத எல்லையும் அப்படியே: உலகப் பொது நேரத்தின் நள்ளிரவு இந்தியாவில் காலை 5.30 மணி என்பதால், அந்நேரப்படி பட்டியலிடும் சேவையில் பிப்ரவரி 1 காலை 5 மணிப் பயன்பாடு ஜனவரிக் கணக்கில் சேரும். ஜிகாபைட்டை 100 கோடி பைட் என்பதா, 1024இன் மும்மடிப் பெருக்கம் என்பதா என்ற ஒரு தெளிவின்மையே பட்டியலை 7 சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடும்.

எதிர்பார்க்கும் தொகையைக் கட்டண நிரலிடமே கேட்டுப் பெறுவது சோதனையாகாது. தனிக் கணக்கொன்றில், எப்போது எது இயங்கியது என்ற குறிப்பேட்டை வேறாக வைத்து, அதிலிருந்து கணக்கிட்ட தொகையை வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பதிவே வராத மணிநேரத்தைப் பூஜ்யப் பயன்பாடாக எழுதிவிடாமல், பதிவில்லை என்றே குறித்து, விடை தெரியும்வரை அந்த வரியைக் கட்டண நிரல் நிறுத்திவைக்கிறதா என்பதையும் அதே ஒப்பீட்டில் பார்த்தாக வேண்டும்.