மலையேறும் மோட்டாரும் அதன் கணிப்பொறியும்

மேற்குத் தொடர்ச்சி மலையில், இடுக்கி மாவட்டத்தில், அடிமாலிக்கும் மூணாறுக்கும் இடையே அமைந்துள்ள ஊர் பள்ளிவாசல். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ஆம் ஆண்டில் இங்குதான் இயங்கத் தொடங்கியது. கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. கடல் மட்டத்திலுள்ள கொச்சியிலிருந்து புறப்படும் மோட்டார் கார், சுமார் 130 கிலோமீட்டர் தூரம் சென்றதும் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறை அடைகிறது. பின்னர் போடிமெட்டு வழியே தேனி மாவட்டத்துச் சமவெளிக்கு இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் எஞ்சினுக்கு வேண்டிய பெட்ரோலை அளந்து கொடுப்பதும், அதைத் தக்க தருணத்தில் பற்றவைப்பதும் யார்? அவ்விரண்டையும் செய்வது, காரினுள் அமைந்த ஒரு சிறு மின்னணுக் கணிப்பொறியே ஆகும்.

காற்றின் எடையே அளவுகோல்

பெட்ரோல் எரிவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயு தேவை. ஒரு கிராம் பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று இதற்குக் குறைந்தால் பெட்ரோல் அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு மிகுதியாக வெளிப்படும். காற்று மிக அதிகமானால் எஞ்சின் திணறும். கவனிக்க வேண்டியது யாதெனில், இது எடைக் கணக்கேயன்றிக் கன அளவுக் கணக்கன்று.

மலையில் உயர உயரக் காற்றின் அமுக்கம் குறைகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் உள்ளதைக் காட்டிலும் ஆறில் ஒரு பங்கு குறைவு. குளிர்ச்சி இக்குறையைச் சற்றே ஈடுசெய்தாலும், ஒரு லிட்டர் காற்றின் எடை ஏழில் ஒரு பங்கு குறைந்தே நிற்கும். சிலிண்டரின் கொள்ளளவோ மாறுவதில்லை. எனவே ஒவ்வொரு முறையும் உள்ளே செல்லும் காற்றின் எடை குறைகிறது.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி முதலிய கார்கள் பல்லாண்டுகள் கார்பரேட்டர் கொண்டே ஓடின. அதன் குறுகிய கழுத்தின் வழியே காற்று விரைந்து பாயும்போது அங்கு அமுக்கம் குறைந்து, பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. காற்று மெலியும்போது பெட்ரோலும் ஓரளவு குறையும். ஆனால் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஆகவே மூணாறு உயரத்தில் அக்கருவி நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பங்கு பெட்ரோலை மிகையாகக் கொடுத்துவிடும். இதனால் புகை மிகும்; ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்; செலவும் கூடும்.

அளந்து கொடுக்கும் முறை

இக்குறையைப் போக்கும் மின்னணுக் கருவியை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-ஆம் ஆண்டில் வெளியிட்டது. எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அமுக்கத்தை அறிந்து பெட்ரோலைப் பீய்ச்சுவது அதன் முறை. பெட்ரோலையும் மின்பொறியையும் ஒரே கணிப்பொறி ஆளும் அமைப்பை அந்நிறுவனமே 1979-இல் கொண்டுவந்தது. இந்தியாவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகவே, கார்களில் கார்பரேட்டர் மறைந்தது. 2020 ஏப்ரலில் நாடெங்கும் பாரத் ஆறாம் நிலை விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களிலும் இம்முறையே பரவியது.

கணிப்பொறிக்குச் செய்தி தருபவை உணர்கருவிகள். ஒன்று காற்றின் அமுக்கத்தை அல்லது அளவைச் சொல்லும். மற்றொன்று அதன் உஷ்ணநிலையைத் தெரிவிக்கும். கிராங்க் தண்டுடன் சுழலும் பற்சக்கரத்தைக் கவனித்து, வேகத்தையும் பிஸ்டன் நிற்கும் இடத்தையும் அறிவிப்பது வேறொன்று. இவற்றைக் கொண்டு சிலிண்டரில் புகும் காற்றின் எடையைக் கணக்கிட்டு, அதற்குரிய பெட்ரோலைக் கணிப்பொறி தீர்மானிக்கிறது. பெட்ரோல் எப்போதும் அமுக்கத்துடன் நிற்கும் ஒரு சிறு வால்வை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதே அத்தீர்மானம். கார் நின்ற நிலையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு நேரமே போதும். செங்குத்தான ஏற்றத்தில் அது பன்மடங்கு நீளும்.

கணக்கு சரியா என்பதைப் புகைக் குழாயில் உள்ள பிராணவாயு உணர்கருவி சோதிக்கிறது. பெட்ரோல் மிகுந்தால் அது ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான மின்னழுத்தத்தையும், காற்று மிகுந்தால் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கையும் காட்டும். அதற்கேற்பக் கணிப்பொறி பெட்ரோலைச் சிறிது கூட்டியும் குறைத்தும் திருத்திக்கொண்டே இருக்கும். மின்நிலையத்தில் பளு கூடும்போது விசையாழிக்கு நீரைக் கூட்டியும், பளு குறையும்போது குறைத்தும் வேகத்தை நிலைநிறுத்தும் கருவியின் தத்துவமும் இதுவே. பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தாலும் இத்திருத்தம் உதவுகிறது. எத்தனாலுக்குத் தன் எடையைப்போல் ஒன்பது மடங்கு காற்றே போதுமாதலால், அதே காற்றுக்குச் சற்று அதிக எரிபொருள் பீய்ச்சப்பட வேண்டும். ஆனால் திருத்தத்திற்கும் ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையைக் கடந்தால் ஓட்டுநரின் முன்னுள்ள எச்சரிக்கை விளக்கு எரியும். அதைப் புறக்கணித்தல் கூடாது.

மின்பொறியின் தருணம்

கலவை பற்றியவுடன் முழுதும் எரிந்துவிடுவதில்லை. அதற்கு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம் ஆவதாகக் கொள்வோமாயின், நிமிடத்திற்கு 1,000 சுற்று ஓடும்போது கிராங்க் தண்டு அதற்குள் 12 டிகிரி திரும்பும். 3,000 சுற்றில் 36 டிகிரி திரும்பிவிடும். ஆகவே பிஸ்டன் உச்சியை அடையும் முன்பே மின்பொறி தோன்ற வேண்டும். வேகம் கூடும்போது இன்னும் முன்கூட்டியே தோன்ற வேண்டும். மெலிந்த காற்றில் கலவை மெதுவாக எரியுமாதலால், மலை உச்சியில் பொறியை மேலும் சிறிது முந்தவைக்க இடமுண்டு.

மிகையாக முந்தினாலோ ஆபத்து. எரியாது எஞ்சிய கலவை தானே வெடித்து, உலோகத்தைத் தட்டுவது போன்ற ஒலி எழும். இது நீடித்தால் பிஸ்டன் பழுதாகும். அவ்வதிர்வை உணரும் கருவியொன்று எஞ்சின்மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. அது செய்தி தந்தவுடன் கணிப்பொறி பொறியைச் சில டிகிரி பிந்தச் செய்து, பின்னர்ப் படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

இறக்கத்தில் கவனம்

இத்தனையும் செய்யும் கணிப்பொறி, இல்லாத காற்றை உண்டாக்க வல்லதன்று. ஆகவே சாதாரண பெட்ரோல் எஞ்சின் மூணாறு உயரத்தில் தன் முழு சக்தியில் ஏழில் ஒரு பங்கை இழந்தே தீரும். ஏற்றத்தில் கீழ் கியருக்கு மாறுவதே அதற்கு வழி.

இறக்கத்தில் நியூட்ரலில் உருண்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது பலரின் எண்ணம். கார்பரேட்டர் காலத்தில் எழுந்த இவ்வெண்ணம் இன்று பொருந்தாது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. இதை உணர்ந்த கணிப்பொறி பெட்ரோலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் செலவாகிக்கொண்டே இருக்கும். அன்றியும், எஞ்சினின் தடை நீங்கி முழுப் பாரமும் பிரேக்கின் மீது விழும். வளைவுக்கு வளைவு அழுத்தப்படும் பிரேக் சூடேறித் தன் பிடியை இழக்கக்கூடும். எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குவது இன்னும் கொடிது. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணை விசையும் அப்போது அற்றுப்போகும். ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய விதி, உயிருக்கும் காவல், பெட்ரோலுக்கும் சிக்கனம்.