பேக்கிங்குக்குப் போன பழகுநர்

ஃபிட்டர் பிரிவில் அப்ரண்டீஸாகச் சேர்ந்தவருக்கு இந்த மாதம் லேத் பயிற்சி என்று அட்டவணை சொல்கிறது. ஆர்டர் குவிந்துவிட்டதால் அவரை பேக்கிங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். தினமும் வருகிறார், வருகைப் பதிவும் சரியாக விழுகிறது, உதவித்தொகையும் வந்துவிடுகிறது. ஆனால் மாதம் முழுக்க அவர் ஒரு தடவைகூட வெர்னியரைத் தொடவில்லை. பயிற்சி இடைவெளி என்றதும் நாம் விடுப்பைத்தான் நினைக்கிறோம். வந்தும் கற்காமல் போகும் இந்த நாட்கள்தான் அதைவிட மோசம். விடுப்பாவது பதிவேட்டில் தெரியும், இவை தெரிவதே இல்லை.

கண்ணுக்குத் தெரியும் இடைவெளிக்கு நம் விதிகள் வழி வைத்திருக்கின்றன. 1992ஆம் ஆண்டுப் பழகுநர் விதிகளின்படி, ஆலையில் வேலைநிறுத்தமோ கதவடைப்போ வந்து, அதற்குப் பழகுநர் காரணமாக இல்லையென்றால், அத்தனை நாளும் அவரது பயிற்சிக் காலம் நீளும். அந்நாட்களுக்கு, அதிகபட்சம் 6 மாதம் வரை, உதவித்தொகையும் உண்டு. உடல்நலக் குறைவால் பயிற்சியை முடிக்க முடியாவிட்டாலும் காலத்தை நீட்டிக்க வேண்டும். விட்டுப்போன பயிற்சியை ஈடுகட்ட வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பேக்கிங்கில் போன மாதத்துக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது? பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் பழகுநரை ஈடுபடுத்துவதை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆவது பிரிவு குற்றம் என்கிறது. 2014 திருத்தம் அதற்கு வைத்த அபராதம் ஒவ்வொரு தடவைக்கும் 1,000 ரூபாய். இந்தத் தொகைக்கு எந்த ஆலை பயப்படும்?

எந்த வேலையும் ஒரு பாடம்தானே என்று மேலாளர்கள் கேட்பார்கள். ஷிப்ட் ஒழுங்கும் பட்டறைப் பழக்கமும் அதில் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு பழகுநரைத் தொழிலாளி என்று சொல்லவில்லை, பயிற்சி பெறுபவர் என்றுதான் சொல்கிறது. தவிர, இறுதித் தேர்வில் அளவு பிசகாமல் ஓர் உருப்படியைச் செய்து காட்ட வேண்டும். அட்டைப்பெட்டி கட்டிய அனுபவம் அங்கே உதவாது. காலத்தை நீட்டினால் நிரந்தர வேலை தள்ளிப்போகுமே என்று பழகுநர்களும் தயங்குவார்கள். நியாயமான கவலைதான். ஆனால் எல்லா இடைவெளிக்கும் நீட்டிப்பு தேவையில்லை. மூன்றாம் மாதத்தில் விட்டுப்போன லேத்தை ஐந்தாம் மாதத்தில் கொடுத்துவிடலாம், விட்டுப்போனது யாருக்காவது தெரிந்திருந்தால். கடைசி மாதத்தில் தெரியவந்தால் மட்டுமே நீட்டிப்பைத் தவிர வேறு வழி இருக்காது. ஆகவே பழகுநர்களே, வேறு வேலைக்கு அனுப்பப்பட்ட நாளை அன்றைக்கே குறிப்பேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.