தடுப்பூசியும் எம்.எஸ். மருந்துகளும்: எப்போது போட்டுக்கொள்வது?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் எம்.எஸ். நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் தடுப்பூசியைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றனர்: "ஊசி போட்டால் நோய் மீண்டும் கிளம்பிவிடுமா, டாக்டர்?" இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இந்நோயைத் தூண்டுகிறதோ என்ற ஐயம் 1990களில் பிரான்சில் பரவியது. 1998இல் அங்குப் பள்ளிகளில் அத்தடுப்பூசி போடும் திட்டமே நிறுத்திவைக்கப்பட்டது. 2001இல் வெளிவந்த விரிவான ஆய்வுகள் அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. ஆகவே அக்கேள்விக்கு விடை கூறுவது எளிது. அதிகம் பேர் கேட்காத இன்னொரு கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது: போட்ட ஊசி உங்கள் உடலில் வேலை செய்யுமா?

அது நீங்கள் எடுத்துக்கொள்ளும் மருந்தைப் பொறுத்தது. தடுப்பூசி போட்டதும் ரத்தத்திலுள்ள பி செல்கள் கிருமியை அடையாளம் கண்டு, ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதங்களை உருவாக்கத் தொடங்குகின்றன. ரிடுக்ஸிமாப், ஆக்ரிலிசுமாப் ஆகிய மருந்துகளோ அந்தப் பி செல்களையே பல மாதங்களுக்கு அகற்றிவிடுகின்றன. அந்நிலையில் போடும் ஊசிக்கு எதிர்ப்புரதம் மிகக் குறைவாகவே உருவாகும். டி செல்கள் ஓரளவு விழித்துக்கொள்வதால் ஊசி முற்றிலும் வீண் என்றும் கூற இயலாது. விலை குறைவு என்பதால் நம் நாட்டில் ரிடுக்ஸிமாப் பரவலாகப் பயன்படுகிறது. எனவே இச்செய்தி உங்களில் பலருக்கும் பொருந்தும். ஃபிங்கோலிமோட் மாத்திரை வெள்ளணுக்களை நிணநீர்க் கணுக்களுக்குள்ளேயே நிறுத்திவைப்பதால், அதிலும் தடுப்பூசியின் பலன் குறையும். இன்டர்ஃபெரான், கிளாடிரமர், டைமெத்தில் ஃபியூமரேட் எடுத்துக்கொள்வோர் இதுபற்றிப் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை.

எனவே தடுப்பூசிப் பேச்சைச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். பி செல்களை அகற்றும் மருந்தாயின், உயிரற்ற கிருமியால் ஆன ஊசிகளைக் குறைந்தது 2 வாரங்களுக்கு முன்பும், உயிருள்ள நலிந்த கிருமியால் ஆனவற்றை (தட்டம்மை, சின்னம்மை போன்றவை) 4 வாரங்களுக்கு முன்பும் முடித்துவிட வேண்டும். சிகிச்சை தொடங்கியபின் உயிருள்ள கிருமி ஊசிகள் கூடாது. நோய் கடுமையாக இருப்பின், தடுப்பூசிக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட நான் விரும்புவதில்லை. மூளைக்கும் தண்டுவடத்திற்கும் நேரும் சேதம் காத்திருக்காது.

ஏற்கெனவே ஆறு மாதத்திற்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், கடைசியாக ஏற்றியதிலிருந்து 3 மாதம் கழித்து, அடுத்ததற்குக் குறைந்தது 4 வாரங்கள் இருக்கும்போது காய்ச்சல் தடுப்பூசி போன்றவற்றைப் போட்டுக்கொள்வது நல்லது. ஊசி நன்றாக வேலை செய்யட்டும் என்று ஃபிங்கோலிமோட் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவோரும் உண்டு. அது பேராபத்து. நிறுத்தியபின் நோய் முன்னிலும் கடுமையாகத் தாக்கக்கூடும்.

இந்தக் கால கணக்கு எதுவும் பொருந்தாத இடம் ஒன்று உண்டு: நாய்க்கடி. மருந்து நேற்றுதான் ஏற்றப்பட்டது என்றாலும் ரேபிஸ் தடுப்பூசியை ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது. காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரத்தம் வராத சிறு கீறலுக்கு மற்றவர்களுக்குத் தடுப்பூசி மட்டுமே போதும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கோ அக்கீறலுக்கும் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் செலுத்த வேண்டும். ஏனெனில் அது வெளியிலிருந்து தரப்படும் ஆயத்த எதிர்ப்புரதம். உங்கள் பி செல்களை நம்பியிருப்பதில்லை. நீங்கள் எடுக்கும் மருந்தைப் பற்றி நீங்கள் சொன்னாலன்றி அங்குள்ள மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. மருந்தின் பெயரையும் கடைசியாக ஏற்றிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருங்கள். வீட்டார் ஒருவரின் கைபேசியிலும் இருக்கட்டும்.

இந்நோய் இளம்பெண்களையே மிகுதியாகத் தாக்குவதால் இன்னொன்றையும் கூற வேண்டும். கருவுற்றிருந்த காலத்தில் ரிடுக்ஸிமாப் அல்லது ஆக்ரிலிசுமாப் பெற்றிருந்தால், அது குழந்தையின் பி செல்களையும் குறைத்திருக்கக்கூடும். பிறந்தவுடன் வழக்கமாகப் போடப்படும் பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் ஆனது. குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதித்த பின்னரே அதைப் போட வேண்டும். பிரசவம் வேறு மருத்துவமனையில் நடக்கவிருந்தால், இச்செய்தியை அங்குள்ள குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அக்கடிதத்தை எங்கள் பிரிவிலேயே பெற்றுக்கொள்ளலாம்.