பாட்டின் பழியும் பாடும் களனும்: சொல்லிசை, சாதிப்பெருமைப் பாடல், இளையோர் வன்முறை

ஆய்வுச் சுருக்கம்

இளையோர் வன்முறைக்கு ராப் எனும் சொல்லிசையே காரணம் என்னும் குற்றச்சாட்டைத் தமிழ்ச் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தென்மாவட்ட மோதல்களோடு சேர்த்துப் பேசப்படுபவை பெரும்பாலும் நாட்டுப்புற மெட்டிலமைந்த சாதிப்பெருமைப் பாடல்களே. அவற்றின் தீங்கை அளக்கப் பாடலின் சொற்களோ இசைவகையோ போதா. தொல்காப்பியம் கூறும் களன், கேட்போர் ஆகிய உறுப்புகளைக் கொண்டு நோக்கவேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: சொல்லிசை, சாதிப்பெருமைப் பாடல், கொலைச்சிந்து, களன், கேட்போர், தல்லாகுளம்

1. தல்லாகுளத்தில் கேட்பவை

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டழைக்கும் எதிர்சேவை மூன்றுமாவடி தொடங்கித் தல்லாகுளம் வரை நடைபெறுகிறது. அழகர் அன்றிரவு தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் தங்கி, ஆண்டாள் சூடிய மாலையை ஏற்று, விடியலில் வைகைக்குப் புறப்படுகிறார். வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலிபெருக்கி. தமுக்கம் பக்கமிருந்து பெருமாள் கோயில் வரை நடப்பவர் சில நூறு அடிகளுக்குள் அழகர் வர்ணிப்பு, திரைப்படத் தெம்மாங்கு, ஏதேனும் ஒரு சமூகத்தின் வீரம் பேசும் பாடல் என மூன்றையும் கேட்டுவிடலாம். ஒரு மண்டகப்படியின் முன் ஆட்டத்திற்குரியதாக இருக்கும் பாடல், பத்தடி தள்ளி வேறொரு கூட்டத்தின் முன் அறைகூவலாக மாறிவிடுகிறது. சொல்லும் மெட்டும் மாறவில்லை. மாறியது எது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவை எழுப்பாமல் விடை கூறும் வழக்கமே உலகெங்கும் காணப்படுகிறது. இளைஞர் கையில் ஆயுதம் தென்பட்டால் அவர் காதில் ஒலித்த பாட்டைத் தேடுவர். பஞ்சாபில் பாடகர் சித்து மூசேவாலா மீது, துப்பாக்கியைப் போற்றும் பாடலுக்காக 2020இல் வழக்குப் பதியப்பட்டது. 2022 மே 29இல் அவரே சுட்டுக்கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஆயுதத்தைப் போற்றும் பாடல்களுக்கு மாநில அரசு தடை விதித்தது. அவரைச் சுட்ட துப்பாக்கிகள் எவ்வழி வந்தன என்பதைவிடப் பாடலைத் தடுப்பது எளிது.

2. பழி ஏற்கும் இசைவகை

சொல்லிசை 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக் கறுப்பின, இலத்தீன இளைஞரிடையே தோன்றியது. தமிழில் அதன் தடத்தைக் 'காதலன்' (1994) படத்தின் 'பேட்டை ராப்' முதற்கொண்டு காணலாம். மலேசியாவின் யோகி பி குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' (2006) தொகுப்புக்குப் பின்னர் அது திரைக்கு வெளியிலும் ஒரு வகைமையாக நிலைபெற்றது.

வன்முறைச் சொற்கள் கேட்போரைத் தீண்டுவதே இல்லை என வாதிடுவது பொருந்தாது. கிரெய்க் ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறை வரிகள் கொண்ட பாடல்களைக் கேட்ட கல்லூரி மாணவரிடம் பகையுணர்வும் தாக்கும் எண்ணங்களும் அப்போதைக்கு மிகுந்தமை காட்டப்பட்டது. ஆனால் அங்கு அளக்கப்பட்டது எண்ணமும் உணர்வுமே, செயல் அளக்கப்படவில்லை. மேலும், அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட வன்குற்ற வீதம், சொல்லிசை பெருவழக்கான அடுத்த இரு பதின்ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பாட்டால்தான் குறைந்தது என்று எவரும் கூறார். பாட்டால் கூடும் என்பதும் அவ்வளவில் தளர்கிறது.

நம் துறைக்கு இதனினும் பயன் தரும் சோதனை கேரி ஃபிரைட் 1996இல் வெளியிட்டது. கொலை பற்றிய பழைய நாட்டார்பாணிப் பாடலொன்றின் வரிகளை அவர் இரு சாராரிடம் காட்டினார். ஒரு சாராரிடம் அது சொல்லிசை என்றும், மற்றொரு சாராரிடம் கிராமிய இசை என்றும் கூறப்பட்டது. சொல்லிசை எனக் கேட்டவர்கள் அதே வரிகளை மிகுந்த தீங்குடையனவாக மதிப்பிட்டனர். கறுப்பினப் பாடகர் பாடியது எனச் சொல்லப்பட்டபோதும் இதே முடிவு கிட்டியது. சொல் ஒன்றே, பழி வேறு.

3. நம்மிடம் உள்ள கொலைப்பாட்டு

தமிழில் இச்சோதனையைத் தனியே நடத்தவேண்டியதில்லை. நூலகங்களிலேயே சான்றுகள் உள்ளன. கொலைச்சிந்து எனும் மலிவுப் பதிப்புகள் உண்மைக் கொலைகளை வெட்டும் குருதியுமாக விரித்துப் பாடிச் சந்தைகளிலும் இரயில் நிலையங்களிலும் விற்கப்பட்டன. இவ்வகை வெளியீடுகளை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' எனப் பெயரிட்டு ஆராய்ந்துள்ளார். 'கான்சாகிபு சண்டை' உள்ளிட்ட கதைப்பாடல்களை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனுக்கு மீனாட்சியம்மன் கோயில் கீழைக் கோபுர வாயிலருகே சந்நிதி உண்டு. அவன் கதை இன்றும் பாடப்படுகிறது. இவற்றுள் எதனையும் இளைஞரைக் கெடுப்பது என்று இன்று எவரும் கூறுவதில்லை. பண்பாட்டுச் செல்வம் என்கிறோம். முனைவர்பட்ட ஆய்வேடு எழுதுகிறோம். தெருவோர இளைஞன் தன் தெருவின் வெட்டுக்குத்தைத் தன் மொழியில் தாளத்தோடு சொல்லும்போது மட்டும் முகம் சுளிக்கிறோம்.

கதைப்பாடல் மரபு மற்றொன்றையும் உணர்த்துகிறது. முத்துப்பட்டன் கதையில் அவன் மணந்த சக்கிலியப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனர் என்றும், மதுரைவீரன் கதையில் அவன் அரசகுலத்தில் பிறந்து சக்கிலியர் இல்லத்தில் வளர்ந்தவன் என்றும் கூறும் பகுதிகள் உள்ளன. முன்னது பிற்சேர்க்கை என வானமாமலை சுட்டினார். சாதி மீறிய மணத்தை ஏற்காத அவையோர் முன் பாடவேண்டிய நிலையில் பாடலே திருத்தப்பட்டது. கேட்போர் பாடலுக்கு வெளியே நிற்பவரல்லர்.

4. களன்

தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் மாத்திரை, எழுத்து, அசை முதலிய வடிவக் கூறுகளோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பனவும் அடங்கும். உரையாசிரியர்கள் இவற்றைப் பெரும்பாலும் அகப்பாடல்களைக் கொண்டே விளக்கினர். எனினும் ஒரு செய்யுளை அது யாரால், யாருக்கு, எங்கே சொல்லப்பட்டது என்பதினின்று பிரித்துப் பொருள்கொள்ள முடியாது என்னும் அடிப்படை புறத்திற்கும் ஒக்கும். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருத களத்தில் கோவூர்கிழார் பாடியது இருவரையும் முன்னிறுத்திப் பாடியதாலேயே போர் தவிர்க்கும் ஆற்றல் பெற்றது.

'தேவர் மகன்' (1992) படத்தில் இடம்பெற்ற புகழ்ப்பாடலை இவ்வாறு நோக்கலாம். படத்தினுள் அதன் களன் கதைமாந்தரின் ஊர். அப்படம் வன்முறையை விட்டொழிக்க வேண்டும் என்னும் முடிவை நோக்கிச் செல்வதையும் மறுக்கவியலாது. ஒலிநாடா வழியே பாடல் மட்டும் தனித்து வெளியேறி, தென்மாவட்ட ஊர்வலங்களில் ஒலிபெருக்கிக்குரிய பாட்டாயிற்று. அப்போது அதன் கேட்போர் இருவகையினர்: உடன் ஆடுவோர் ஒருவர், கதவடைத்து வீட்டினுள் இருப்போர் மற்றொருவர். 2023 ஜூன் மாதம் 'மாமன்னன்' இசை வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, அப்படம் தமக்குள் எழுப்பிய வலியிலிருந்தே 'மாமன்னன்' பிறந்தது என்னும் கருத்துப்பட மாரி செல்வராஜ் பேசினார். அவர் பேச்சை இந்த இரண்டாம் வகைக் கேட்போரின் கூற்றாகக் கொள்வதே தகும் எனக் கருதுகிறேன்.

இதனால் வன்முறையைப் பாட்டு பிறப்பித்தது என்றாகாது. 1957 செப்டம்பர் 11இல், அமைதிப் பேச்சு நடந்த மறுநாள், இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டபோது ஒலிநாடா இல்லை. 1997 ஜூன் 30இல் மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தோரும் கொல்லப்பட்டது, தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட பதவியில் அவர் அமர்ந்ததால். 2023 ஆகஸ்ட் 9இல் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலின மாணவர் ஒருவர், தாம் பட்ட துன்புறுத்தலைப் பள்ளியில் முறையிட்டதை அடுத்து, அப்பள்ளி மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். பதவி, முறையீடு என உரிமையைக் கோரிய செயல்களே இங்குத் தாக்குதலுக்கு முன்னிற்பவை. பாடல் செய்வது, அவ்வுரிமைக்கு ஊரில் இடமில்லை என்பதை ஆண்டுதோறும் உரத்துச் சொல்லிக்கொண்டிருப்பது.

நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக்குறிகளையும் தடைசெய்யவும், பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளங்களை நீக்கவும் பரிந்துரைத்தது. கயிற்றுக்கும் பாட்டுக்கும் தொழில் ஒன்றே. இரண்டும் ஒரே வகுப்பறையில் தம்மவர் யார், பிறர் யார் எனப் பிரித்து விளிக்கின்றன.

5. தடையின் சொல்லாட்சி

கோயில் விழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கோரும் வழக்குகளில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை விதிக்கும் நிபந்தனைகள் இன்று ஏறத்தாழ ஒரு வாய்பாடாகிவிட்டன: ஆபாச ஆட்டம் கூடாது; இரட்டைப் பொருள் பாடல் கூடாது; எந்த அரசியல் கட்சியையும் சமயத்தையும் சாதியையும் குறிப்பிடும் பாடல் கூடாது. பாடலை முற்றாகத் தடுக்காமல் அது ஒலிக்கும் மேடையை நெறிப்படுத்துவதால் இவ்வாய்பாடு களனை அறிந்தே இருக்கிறது எனலாம்.

ஆயினும் 'எந்தச் சாதியையும்' என்னும் சொல்லில் ஓர் இடர் உண்டு. 2018 ஜனவரி 6இல் சென்னையில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியால் அரங்கேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் சொல்லிசையையும் இணைத்துச் சாதியை எதிர்த்துப் பாடியது. அயோத்திதாசரின் 'சாதி பேதமற்ற' என்னும் தொடரே குழுவின் பெயருக்கு ஊற்று. அதிலிருந்து வந்த அறிவு, 'தெருக்குரல்' (2019) தொகுப்பில் அவ்வழியையே தொடர்ந்தார். சாதியின் பெயரைச் சொல்லாமல் சாதியை எதிர்க்க முடியாது. பெருமையும் எதிர்ப்பும் ஒரே நிபந்தனைக்குள் அடைபடும்போது, ஏற்கெனவே ஒலிபெருக்கியும் தெருவும் உடையவருக்கு இழப்பு குறைவு. மேடையை மட்டுமே நம்பியவருக்கு அது முழு இழப்பு. தமிழகத்தில் சொல்லிசை வன்முறைக்குக் காரணம் என்போர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய முரண் இதுவே.

இதில் நம் துறைக்கும் பங்குண்டு. நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் பலவற்றில் தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாட்டு, வீரப்பாட்டு என்னும் பொருட்பகுப்பே மேலோங்குகிறது. பாடியவர் பெயரும் ஊரும் அடிக்குறிப்பில் நின்றுவிடுகின்றன. கைப்பேசியில் பரவும் இன்றைய பாடல்களைத் திரட்டும் ஆய்வாளர் அப்பகுப்பை அப்படியே பின்பற்றினால், எதிர்சேவையன்று தல்லாகுளத்தில் பத்தடி இடைவெளியில் இருமுறை ஒலித்த ஒரு பாடல் அவர் அட்டையில் ஒரே பாடலாகவே பதிவாகும். எந்த மண்டகப்படி, எந்நேரம், எதிரே நின்றவர் யார், ஒலியைக் கூட்டியவர் யார் என்பவற்றையும் சேர்த்துக் குறிக்கும் பதிவில்தான் அது இரண்டாகும்.