காப்பி அருந்தும் பழக்கமும் மிகையளவும்

காப்பி அருந்துவோர் பெரும்பாலும் தம் பழக்கத்தைக் கோப்பைகளின் எண்ணிக்கையில் கணக்கிடுகின்றனர். "நாளைக்கு மூன்று தடவைதான்" என்று சொல்பவர் தாம் அளவோடு குடிப்பதாகவே கருதுகிறார். ஆனால் எண்ணிக்கை மட்டும் மிகையளவைக் காட்டுவதில்லை. காப்பியிலுள்ள காஃபீன் அளவு, அதைக் குடிக்கும் நேரம், குடிப்பவரின் உடல்நிலை ஆகிய மூன்றையும் சேர்த்தே அதைக் கணிக்க வேண்டும்.

காஃபீன் செயல்படும் முறை

1819 ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலாளர் பிரீட்லீபு பெர்டினாண்டு ரங்கே காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். நாம் விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் இணையும்போது தூக்கம் வருகிறது. காஃபீன் அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்வதால் களைப்பு தெரிவதில்லை. களைப்பு நீங்கிவிடவில்லை, அதன் உணர்வு மட்டுமே தள்ளிப்போகிறது.

பரிந்துரைக்கப்படும் அளவு

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 இல் வெளியிட்ட கருத்துரையின்படி, உடல்நலமுள்ள பெரியவர்கள் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை காஃபீன் எடுத்துக்கொள்ளலாம். ஒரே வேளையில் 200 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கருவுற்ற பெண்களுக்கு நாள் முழுவதற்குமான வரம்பே 200 மில்லிகிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பைக் குறிப்பிடுகிறது.

கோப்பைக் கணக்கின் குறை

அதே வழிகாட்டியின்படி, 150 மில்லிலிட்டர் வடிகாப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 மில்லிகிராம் வரையும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரையும் காஃபீன் இருக்கும். ஆகவே நான்கு கோப்பை உடனடிக் காப்பி 300 மில்லிகிராம் வரம்புக்குள் அடங்கும். மூன்று கோப்பை கடுமையான வடிகாப்பியோ அதைத் தாண்டக்கூடும்.

வீட்டுக் காப்பியின் அளவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ரொபஸ்டா கொட்டையில் அராபிக்காவைவிட ஏறத்தாழ இரு மடங்கு காஃபீன் உள்ளது. சிக்கரியில் காஃபீன் இல்லை. எனவே சிக்கரி கூடினால் காஃபீன் குறையும், ஆனால் நிறமும் கசப்பும் குறையாது. முதல் டிகாஷனைவிட இரண்டாவது டிகாஷனில் காஃபீன் குறைவு. ஆகவே நிறத்தையோ கசப்பையோ கொண்டு காஃபீன் அளவை மதிப்பிட முடியாது.

நேரமும் தூக்கமும்

உடலிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. மாலை 5 மணிக்கு 100 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவரின் உடலில் இரவு 10 மணிக்கும் ஏறத்தாழ 50 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். தேர்வுக்காக இரவில் காப்பி குடித்துப் படிக்கும் மாணவர் இதைக் கவனிக்க வேண்டும். படித்தது நினைவில் பதியத் தூக்கம் தேவை. அந்தத் தூக்கம் குறைவதால் மறுநாள் சோர்வு கூடுகிறது. அதைப் போக்க மேலும் காப்பி தேவைப்படுகிறது.

ஆளுக்கு ஆள் வேறுபாடு

காஃபீனைச் சிதைப்பது கல்லீரலிலுள்ள ஒரு நொதி. அதன் வேகம் மரபணுவைப் பொறுத்து மாறுபடும். கருவுற்ற காலத்தின் இறுதியில் காஃபீன் பாதியாகக் குறைய 15 மணி நேரம் வரை ஆகலாம். புகைப்பவர்களின் உடலில் அது விரைவாகச் சிதைகிறது. எனவே புகைப்பதை நிறுத்தியவர் முன்பு குடித்த அளவே காப்பி குடித்தாலும், அது அவருக்கு மிகையாகக்கூடும்.

உணவும் இரும்புச்சத்தும்

காப்பியிலுள்ள பாலிபீனால்கள், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கின்றன. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காப்பி, தேநீரைத் தவிர்ப்பது நல்லது. இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் எத்தனை கோப்பை என்பதைவிட எப்போது குடிக்கிறார்கள் என்பதே முதன்மையானது. இட்லியோடு சேர்த்துக் குடிக்கும் ஒரு காப்பியும் அவர்களுக்குப் பொருந்தாத காப்பியே.

மிகையின் அறிகுறிகள்

படபடப்பு, கைநடுக்கம், பதற்றம், நெஞ்செரிச்சல், தூக்கமின்மை ஆகியவை பொதுவான அறிகுறிகள். காலைக் காப்பி தாமதமானால் வரும் தலைவலி மற்றோர் அறிகுறி. காப்பி குடித்ததும் அது நீங்குவதால் காப்பியைத் தலைவலிக்கு மருந்தாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அந்தத் தலைவலி, பழகிய காஃபீன் கிடைக்காததால் வருவது.

குறைக்கும் முறை

காப்பியைத் திடீரென நிறுத்தினால் தலைவலி, சோர்வு, எரிச்சல் ஆகியவை 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கிச் சில நாட்கள் நீடிக்கும். ஆகவே படிப்படியாகக் குறைப்பதே எளிது. முதலில் மாலைக் காப்பியை விடலாம். பிறகு டிகாஷன் அளவைக் குறைக்கலாம். தேநீர், கோலா, ஆற்றல் பானங்கள், சில தலைவலி மாத்திரைகள் ஆகியவற்றிலும் காஃபீன் இருப்பதால் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் தமக்கு உகந்த அளவை மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.