கொடியசைத்த பின்னும் தொடரும் பொறுப்பு

நீண்ட தூர சைக்கிள் நிகழ்ச்சி ஒன்றை நடத்துவோரின் பாதுகாப்புப் பொறுப்பு, வானிலைத் தகவலைக் கேட்டுப் பெறுவதில் தொடங்குகிறது. கொல்கத்தாவைப் பொறுத்தவரை அந்தத் தகவல் வரும் இடம் அலிப்பூர். உயிரியல் பூங்காவும் தேசிய நூலகமும் இருக்கும் அந்தத் தென்பகுதியில்தான் மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. 1864-ல் கல்கத்தாவைச் சூறையாடிய புயலும், 1866-லும் 1871-லும் பொய்த்துப்போன பருவமழையும் 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை பிறக்கக் காரணமாயின. ஹென்றி பிளான்ஃபோர்ட் அதன் முதல் தலைவர். கல்கத்தா அதன் முதல் தலைமையகம். கொல்கத்தாவின் வெப்பநிலை என்று இன்றும் செய்திகளில் வருவது அலிப்பூரில் அளந்ததுதான். 2024 ஏப்ரல் 30 அன்று அங்கே 43 டிகிரி செல்சியஸ் பதிவானது.

வங்காளத்தில் சைக்கிள் ஓட்டுவோரை அதிகம் அச்சுறுத்துவது காலபைசாகி. மார்ச் முதல் மே வரை, பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோ அடிக்கும் இந்த இடிமழைக் காற்று, சோட்டாநாக்பூர் பீடபூமிப் பக்கம் உருவாகித் தென்கிழக்காக நகர்ந்து வரும். வங்கக் கடலின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் சேருமிடத்தில் மேகங்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி, பிறகு குளிர்ந்த காற்றைத் தரையை நோக்கிக் கொட்டுகின்றன. 2018 ஏப்ரல் 17 மாலை கொல்கத்தாவில் சில நிமிட இடைவெளியில் இரண்டு சூறைக்காற்றுகள் வீசின. முதலாவது மணிக்கு 84 கி.மீ.; அடுத்தது 98 கி.மீ. மரங்களும் சுவர்களும் விழுந்து நகரிலும் சுற்று மாவட்டங்களிலும் பலர் இறந்தனர்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நடந்து செல்பவர் குனிந்து சமாளித்துவிடும் பக்கக்காற்று, சைக்கிளில் இருப்பவரை ஒரு நொடியில் சாலையின் நடுவே தள்ளிவிடும். லாரி கடக்கும்போது காற்று சட்டென்று தடைபட்டு, லாரி போனதும் மறுபடி அறையும். ஹேண்டில்பார் அந்த நேரத்தில்தான் கைவிட்டுப் போகும். கொல்கத்தாவிலிருந்து பர்தமான், துர்காபூர் நோக்கித் தேசிய நெடுஞ்சாலை 19-ல் போகிறவர்கள் புயல் வரும் திசையை நோக்கியே ஓட்டுகிறார்கள். கொல்கத்தாவுக்கு எச்சரிக்கை வருவதற்கு முன்பே அவர்கள் புயலுக்குள் இருக்கக்கூடும். டயமண்ட் ஹார்பர் பக்கம் போகிறவர்களுக்கு அது முதுகுப் பக்கமாக வரும். வானம் கறுப்பதைத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

அலிப்பூர் மையம் சில நாட்களுக்கு முன்பே மாவட்ட வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் இடிமழை எந்த ஊரில், எந்த மணிக்கு என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்வது அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு மட்டுமே. இதை ஒரு நெடும்பயணத்தின் நேரத்தோடு ஒப்பிட்டால் சிக்கல் புரியும். பாரிசின் ஒடாக்ஸ் சங்கம் வகுத்த விதிப்படி நடக்கும் பிரெவே பயணங்களில் 200 கி.மீ. முடிக்க 13 மணி 30 நிமிடம், 300 கி.மீ.க்கு 20 மணி, 400 கி.மீ.க்கு 27 மணி, 600 கி.மீ.க்கு 40 மணி நேரம் தரப்படுகிறது. காலை ஆறு மணிக்குக் கொடியசைக்கும்போது கையில் இருக்கும் முன்னறிவிப்பு ஒன்பது மணிவரைதான் துல்லியமாகப் பேசும். காலபைசாகியோ மாலை நான்குக்கு மேல் வருவது. ஆகவே, கிளம்பலாமா வேண்டாமா என்று காலையில் எடுக்கும் ஒரு முடிவோடு ஏற்பாட்டாளரின் கடமை தீர்ந்துவிடாது. கடைசி ஆள் வந்துசேரும்வரை வானிலையைக் கவனித்து, சாலையில் இருப்பவர்களுக்குச் செய்தியைக் கொண்டுசேர்க்கவும், தேவைப்பட்டால் நிகழ்ச்சியை நடுவில் நிறுத்தவும் ஒருவர் இருந்தாக வேண்டும். வானிலைப் பாதுகாப்பில் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதைச் சார்ந்தே நிற்கின்றன.

இந்த இடத்தில் பிரெவே மரபு ஒரு வாதத்தை முன்வைக்கிறது. பங்கேற்பவர் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பயணத்தில் இருப்பவராகவே கருதப்படுவார். தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்தத் தற்சார்புதான் இந்த விளையாட்டின் அழகு. பஞ்சர் ஒட்டுவது, சாப்பாடு தேடிக்கொள்வது, தூக்கத்தைச் சமாளிப்பது, விளக்கும் பிரதிபலிப்புச் சட்டையும் எடுத்து வருவது எல்லாம் ஓட்டுபவரின் பாடு. 2007-ல் கொட்டும் மழையில் நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1,200 கி.மீ. பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பாதியில் விலகினார். அதை யாரும் ஏற்பாட்டாளரின் குற்றமாகப் பார்க்கவில்லை. ஆனால் அதே விதிப்புத்தகம், சோதனைச் சாவடிகளுக்கு இடையே சொந்தக் காரைத் துணைக்கு அழைத்து வருவதைத் தடைசெய்கிறது. ஒதுங்கி உட்கார ஒரு காரைக்கூட அனுமதிக்காத நிகழ்ச்சி, வானம் மாறும்போது எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு அதைத் தற்சார்பு என்று அழைப்பது நியாயமாகாது. ரேடார் படத்தை ஒரு மேசையில் உட்கார்ந்து பார்க்கக்கூடியவர் ஏற்பாட்டாளர். தலை கவிழ்ந்து எதிர்க்காற்றில் மிதிப்பவரால் அது முடியாது. தகவல் யாரிடம் இருக்கிறதோ, நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, பொறுப்பும் அவரிடமே அதிகம் இருக்கும்.

கையெழுத்து வாங்கிய படிவம் இதை மாற்றிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ‘எது நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு’ என்ற வரி, சைக்கிள் ஓட்டுவதில் இயல்பாக உள்ள ஆபத்தைத் தெரிந்தே ஏற்றதற்குச் சான்றாகலாம். ஏற்பாட்டாளரின் அலட்சியத்துக்குக் கவசமாகும் என்று நம்பியிருக்க முடியாது. டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் 1998-ல், ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போனது. ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சிட்டிருந்ததை ஹோட்டல் காட்டியது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தன் ஊழியரின் அலட்சியத்துக்கான பொறுப்பை ஹோட்டல் அப்படி ஒரு வாசகத்தால் தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. காருக்கே அப்படியென்றால், உயிர் விஷயத்தில் நீதிமன்றம் இன்னும் கண்டிப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதே முறை. குற்றவியல் பொறுப்பை எந்தப் படிவமும் தொடுவதில்லை. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு ஐந்து ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது இரண்டு ஆண்டாக இருந்தது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதில் மறக்க முடியாத பாடம் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏற்பாட்டாளர்கள் மீது போலீஸ் வழக்குப் பதிந்தது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கான விதிகளை மாநில அரசு கொண்டுவந்தது. அந்த விபத்துக்குப் புயலோ மழையோ காரணமல்ல. ஆனால் சேர்ந்து அழைத்துப் போனவருக்கு என்ன பொறுப்பு என்ற கேள்வி அதே கேள்விதான். சீனாவின் கன்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்த 100 கி.மீ. மலை ஓட்டம் இன்னும் நெருக்கமான உதாரணம். 172 பேர் ஓடினர். நடுப்பகலில் ஆலங்கட்டியும் உறைபனிக் காற்றும் தாக்க, 21 பேர் குளிரில் இறந்தனர். காற்று எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தும், காற்றைத் தடுக்கும் மேற்சட்டை கட்டாயப் பொருளாக வைக்கப்படவில்லை.

நிறுத்தத் தெரிந்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் சைக்கிள் சுற்று ஏறத்தாழ 35,000 பேர் பதிவுசெய்யும் திருவிழா. 2017 மார்ச் 12 அன்று, முதல் குழுக்கள் கிளம்பிய பிறகும், மணிக்கு 100 கி.மீ. அளவுக்குக் காற்று அடித்து ஆட்களையும் சைக்கிளையும் சேர்த்துத் தூக்கியெறியத் தொடங்கியதும், நிகழ்ச்சியையே ரத்துசெய்தார்கள். 2019-ல் டூர் டி பிரான்சின் 19-வது கட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இசெரான் மலைக்கு அப்பால் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் சாலையை மூடின. வீரர்கள் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோதே போட்டி நிறுத்தப்பட்டு, மலையுச்சியில் எடுத்த நேரமே முடிவாக அறிவிக்கப்பட்டது. சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பு 2016 முதல் கடுமையான வானிலைக்கென நடைமுறை ஒன்றை வைத்திருந்ததால் அப்படி முடிவெடுக்க வழி தெளிவாக இருந்தது. ஏற்பாட்டாளர், நடுவர், மருத்துவர், வீரர்களின் பிரதிநிதி முதலியோர் கூடிப் பேசி, கட்டத்தைச் சுருக்கலாம், இடம் மாற்றலாம், கைவிடலாம். உள்ளூர்ப் பயணங்களுக்கு இத்தனை பேர் கொண்ட குழு வேண்டாம். நிறுத்துபவர் யார், எந்த அளவு எட்டினால் நிறுத்துவார் என்ற இரண்டும் பதிவு நாளிலேயே எழுத்தில் இருந்தால் போதும்.

அளவுகள் ஒவ்வோர் ஆபத்துக்கும் வேறுபடும். மின்னல் பார்த்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ. தொலைவுக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே ஒதுங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மீண்டும் கிளம்ப வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022-ல் மட்டும் மின்னலால் 2,887 பேர் இறந்தார்கள். ரப்பர் டயர் காப்பாற்றும் என்பது வெறும் நம்பிக்கை. நெல்வயல்களுக்கு நடுவே ஓடும் நெடுஞ்சாலையில் உயரமாக இருப்பவர் ஓட்டுபவர்தான். மரத்தடி ஆபத்து; பெட்ரோல் பங்கின் அலுவலக அறை, சுங்கச்சாவடிக் கட்டடம், நான்கு சுவருள்ள தாபா, மூடிய கார் ஆகியவையே இடம். வழிவரைபடத்தில் தேநீர்க் கடைகளைக் குறிப்பது போல இவற்றையும் குறித்துத் தரலாம்.

தேங்கிய தண்ணீர் நகர எல்லைக்குள் வரும் ஆபத்து. 2025 செப்டம்பரில், துர்கா பூஜைக்கு முன் கொல்கத்தாவில் 24 மணி நேரத்துக்குள் 250 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது, இறந்தவர்களில் பெரும்பாலோர் தண்ணீரில் கசிந்த மின்சாரத்துக்குப் பலியானவர்கள். விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலூன்றுவது ஓட்டுபவர்களுக்கு அனிச்சைப் பழக்கம். அந்தத் தண்ணீரில் அது உயிரைக் கேட்கும். நனைந்த டிராம் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தாலும் சக்கரம் பள்ளத்தில் மாட்டி வழுக்கிவிடும்; குறுக்காக, நேர்கோணத்தில் கடக்க வேண்டும். தெரியாத ஊரிலிருந்து வருபவருக்கு இதைக் கிளம்பும்முன் சொல்லியாக வேண்டும்.

பனிக்காலத்தில் காலபைசாகி இல்லை என்பதால் டிசம்பர், ஜனவரி பாதுகாப்பானது என்று நினைப்பது வழக்கம். அந்த மாதங்களின் விடியற்காலை மூடுபனியில் 50 மீட்டருக்கு மேல் கண் தெரியாத நேரம் உண்டு. பிரதிபலிப்புச் சட்டையின் மேல் லாரியின் வெளிச்சம் விழுவதற்குள் லாரியே வந்துவிடும். இதற்குப் பரிகாரம் எளிது: வெளுக்கும்வரை கிளம்பாமல் இருப்பது.

ஓட்டுபவரின் பங்கு குறைவானதல்ல. போனை அணைத்து வைக்காமல் இருப்பது, நிலைமை மோசமாகும்வரை போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டு முன்பே ஒதுங்குவது, நிறுத்தச் சொன்னால் நிற்பது அவர் கடமை. மின்னல் எச்சரிக்கைக்கான தாமினி செயலியும் வானிலைத் துறையின் மௌசம் செயலியும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் பணம் கட்டியாயிற்று, விடுப்பு எடுத்தாயிற்று, நேரக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நெருக்கடியில் இருப்பவரிடம் நிதானமான முடிவை மட்டும் எதிர்பார்ப்பது சரியல்ல. பிரெவே தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே நாட்காட்டியில் ஏறிவிடுவதால் ஏற்பாட்டாளருக்கும் ஒத்திவைக்க மனம் வராது. வானிலையால் ரத்தானால் கட்டணம் திருப்பித் தரப்படும் அல்லது அடுத்த நிகழ்ச்சிக்குச் சேரும் என்று முன்பே அறிவித்துவிட்டால், இரு தரப்பிலும் இந்த அழுத்தம் பெருமளவு தணியும்.

நிறுத்தும் முடிவு எடுத்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஆட்களை எண்ணுவது. ஒவ்வொரு சோதனைச் சாவடியையும் யார் எத்தனை மணிக்குக் கடந்தார் என்ற குறிப்பு அந்த நேரத்தில்தான் பயன் தரும். செய்தி கிடைத்ததாகப் பதில் அனுப்பாதவர்களைத் தனித்தனியாக அழைத்து, கடைசியாகக் கடந்த சாவடிக்கும் அடுத்ததற்கும் நடுவே வண்டியை அனுப்பித் தேட வேண்டும். பாதியில் விலகி ரயிலேறி வீட்டுக்குப் போனவரும் அதைத் தெரிவித்தாக வேண்டும். இல்லையென்றால் இருட்டில் அவரைத் தேடி இன்னொருவர் அதே மழையில் இறங்குவார். எல்லோருடைய பெயருக்கு எதிரிலும் அவர் இருக்கும் இடம் எழுதப்பட்ட பிறகே ஏற்பாட்டாளர் மேசையை மூடலாம்.